கல்லறையில் வெட்டிய குருவிப் பெயர்

டெனிஸ்ரனுக்குப் பைத்தியம் என்று நெடுந்தீவு இறங்குதுறையில் நின்று சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் என் பக்கத்து வளவுக்காரன், மாடு வளர்ப்பவன். ஒரே மகள் டிலக்சனா சிறு வயதில் காய்ச்சலில் போனாள். அன்று கடல் கொந்தளிப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஓடவில்லை. பிறகு வேறு பிள்ளையும் இல்லை. தன்னோடும் மனைவியோடும் அவள் பெயரும் அழிந்துவிடும் என்பதுதான் அவனை அரித்தது.

எங்கள் வேலிகள் பவளக்கல்லை அடுக்கிக் கட்டியவை. அந்தக் கல்லிடுக்கில் ஒரு சின்னக் கறுப்புக் குருவி கூடு கட்டும், வாலைத் தூக்கிக்கொண்டு பாடும். அதன் பாட்டு பெருநிலத்துக் குருவியின் பாட்டைப் போல் இல்லை என்று ஆராய வந்தவள் பிரியவதனி, பல்கலைக்கழகத்துப் பிள்ளை. டெனிஸ்ரன் தன் வேலியோரம் வலை கட்ட விட்டான். பிடித்த குருவிகளின் சிறகை அளந்து, ஒரு துளி இரத்தம் எடுத்து, பறக்க விட்டாள். இது வேறு இனம் என்று தெரிந்தால் புதிய அறிவியல் பெயர் வைக்கவேண்டும், அதில் உங்கள் மகளின் பெயரைச் சேர்க்கலாம் என்றாள். நல்ல மனசுதான். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் அப்படிச் சொல்லலாமா?

அவன் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. நவம்பர் இரண்டாந் திகதி கல்லறைத் திருநாள். அன்று எல்லோரும் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். அதற்கு முன்னமே யாழ்ப்பாணத்தில் புதுக் கல் வெட்டுவித்து வந்து நட்டுவிட்டான். மகளின் பெயருக்குக் கீழே ‘கொப்சிக்கஸ் டிலக்சனே’ என்று ஒரு வரி. முதற்சொல் குருவியின் பேரினம், மற்றது மகள். பிள்ளை பெறமுன் பேர் வைக்கிறான் என்று துறையில் ஒருவன் சொன்னான். அவனுக்கு வாய் கூசவில்லை.

திருநாளுக்கு முதல்நாள் பிரியவதனி டெனிஸ்ரனைத் தொலைபேசியில் அழைத்தாள். பாட்டு வேறாக இருந்தாலும் இரத்தம் பெருநிலத்துக் குருவியோடு ஒத்துப்போகிறதாம். ஒரே இனம், பழைய பெயர்தான். அழுதழுது மன்னிப்புக் கேட்டாளாம்.

மறுநாள் பின்னேரம் நாங்கள் மெழுகுதிரிகளோடு போனபோது, டெனிஸ்ரன் அந்த வரியை உளியால் கொத்தி அழித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி ஜெசிந்தா பக்கத்தில் குந்தியிருந்து கல்தூளைக் கையால் துடைத்தாள்.

“பொய்யை எழுதி வைச்சுக்கொண்டு செபிக்க ஏலாது,” என்றான். “இனி அவளின்ரை பேரை நாங்கள் ரெண்டுபேருந்தான் சொல்லவேணும்.”

“எங்களுக்குப் பிறகு?” என்று அவள் கேட்டாள்.

அவன் உளியை நகர்த்தி வைத்தான். அந்த வரியில் மிச்சம் இருந்தது மகளின் பெயர். அதையும் கொத்தினான்.