கேடயமும் பாதியா?

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார் ஸ்டெல்லா அண்ணி. அல்போன்ஸ் அண்ணனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. தொண்ணூறுகளில், ஞாயிறு மதியங்களில், லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நால்வர் உட்காருவோம். கற்பனைக் கதையாக ஆடும் ஆட்டம் அது; ஆளுக்கொரு போர்வீரன். கதையை அவர் சொல்லி நடத்துவார். பகடை விழுவதைப் பொறுத்து எங்கள் வீரர்கள் பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். எங்களிடம் இருந்த விதிப்புத்தகம் பாதி எழுத்து தெரியாத ஜெராக்ஸ். விடுபட்டதையெல்லாம் அவரே எழுதி நிரப்பினார். அதில் ஒரு வரி: 'துளைக்கும் அம்பு பட்டால் காப்பு பாதியாகும்.'

காப்பு என்றால் உடம்பிலுள்ள கவசம் மட்டுமா, கையிலுள்ள கேடயமும் சேர்த்தா? பஸ்ஸில் போகும்போது ஒருநாள் கேட்டேன். "கவசம் மட்டும்தான்டா. கேடயம் முழுசா நிக்கும். எழுதிடறேன்" என்றார். எழுத மறந்துவிட்டார்.

சில வாரங்களில் அப்படியொரு அம்பு முரளியின் தளபதி மேல் பாய்ந்தது. மூன்று வருடம் ஆடி வளர்த்த ஆள். கேடயம் முழுதாக நின்றால் பிழைப்பான். அதுவும் பாதியானால் சாவான். அண்ணன் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"இதப் பத்தி முன்னாடி பேசினோமா? யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

நான் வாய் திறக்கவில்லை. அந்தத் தளபதி விழுந்தால் தலைமை என் வீரனுக்கு வரும்.

"அப்போ எழுதினபடி எல்லாமே பாதி" என்றார் அண்ணன்.

"சும்னே, சும்மா விதி கிதின்னு சொல்லாதீங்கண்ணா. உங்களுக்கு என்னைப் பிடிக்கல, அவ்ளோதான்" என்று முரளி எழுந்து போனான்.

அதன்பின் ஆட்டமே நின்றுபோயிற்று. ஜோகுபாளையத்தில் அவன் வீட்டுக்கு அண்ணன் இரண்டு முறை போனார். அவன் வெளியே வரவில்லை. "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று என்னிடம்தான் கேட்பார். ஆனாலும் சொல்லவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாதம், சிறுநீரகம் பழுதாகி அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது சொல்லிவிட்டேன். "பஸ்ல கேட்டேன்ணா. கவசம் மட்டும்னு சொன்னீங்க. அன்னிக்கு வேணும்னே சும்மா இருந்துட்டேன்."

திட்டிவிட்டால் தேவலை என்று தவித்தேன்.

"அப்போ முரளியோட ஆளு சாகவே இல்ல" என்றார் கடைசியில். "நீயே போய் அவன்கிட்ட சொல்லு. இன்னிக்கே."

போனேன். வாசலில் நின்றபடியே முரளி முழுவதையும் கேட்டான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினான்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பின்னாலேயே போன நான் அறைக்குள் போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஊசி ஏற்றிய கையால் அண்ணன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்; அன்று எழுத மறந்த வரியாகத்தான் இருக்கும். தாள் நழுவாமல் முரளி பிடித்துக்கொண்டிருந்தான்.

முரளி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவானா, தெரியாது. அண்ணா, நீங்களும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கும் வரவில்லை. நிம்மதியாக உறங்குங்கள், அண்ணா.