ஒளிக்காத இரண்டு ராஜா

தேயிலை விலை விழுந்து, எங்கள் ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடிய காலம் அது. எஸ்டேட் கிளப்பில் போக்கர் போட்டி வைத்தார்கள். பந்தயம் புளியங்கொட்டைதான். ஆனால் ஜெயிப்பவருக்கு ஒரு மூட்டை அரிசி என்பதால் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது.

கடைசியில் லாரிக்காரரும், ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் எங்கள் டீமேக்கரும் மிஞ்சினார்கள். லாரிக்காரர் எந்தச் சீட்டு வந்தாலும் கீழே போட்டு விலகமாட்டார். டீமேக்கர் ஒல்லி, கறை ஏறிய விரல்கள். சீட்டை ஒரே முறைதான் பார்ப்பார்.

அவருக்கு இரண்டு ராஜா வந்ததும் தன் கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினார்.

"நல்ல சீட்டுங்களா?" என்று லாரிக்காரர் சிரித்தார்.

"ஆமாங்க, ரொம்ப நல்ல சீட்டு."

"பூச்சாண்டி காட்டாதீங்க!" அவரும் எல்லாவற்றையும் தள்ளித் தோற்றார்.

"ஏனுங்க, கொஞ்சங்கொஞ்சமா இழுத்திருக்கலாமே?" என்று பிறகு டீமேக்கரிடம் கேட்டேன்.

"ஓடறவர்கிட்டத்தானுங்க ஒளிக்கோணும். இவரு எதுக்கும் வருவாரு. நல்ல சீட்ட வெச்சுட்டு என்னத்துக்குங்க கூச்சம்?"

அப்போதெல்லாம் நாங்கள் கஷ்டம் வெளியே தெரியக் கூடாதென்று ரேஷன் அரிசியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு குறுக்குப்பாதையில்தான் போவோம். அவர் ஜெயித்த மூட்டையைத் தலையில் ஏற்றி, நடுப்பகலில் கடைவீதி வழியாகவே நடந்தார். அடுத்த வாரம் நானும் ரேஷன் பையை வெளியே பிடித்துக்கொண்டு அதே வீதியில் போனேன்.