சுங்கச்சாவடியைத் தள்ளி வைக்கச் சொன்ன அன்செல்ம் துத்ரே

உலக வாணிபத்துக்குத் தடையே கூடாது என்று இருபது வருஷம் முழங்கிய அன்செல்ம் துத்ரேயை, நம்மூர் லாபெரோல் முதன்முதலில் கவனித்தது அவர் முழங்கியபோது அல்ல. ஊர் வாசலில் இருக்கும் சுங்கச்சாவடிக்கு வெளியே நின்று ஒரு முழு வாத்தைத் தின்றபோதுதான். பண்ணையிலிருந்து வறுத்து எடுத்து வந்த வாத்து. உள்ளே கொண்டுபோக வரி கேட்டான் காவலாளி பெரிஸ். துத்ரே கட்டவில்லை. மைல்கல்லின்மேல் உட்கார்ந்தார், எலும்பை மட்டும் மிச்சம் வைத்தார், எழுந்து உள்ளே நடந்தார்.

"முசியே, வாத்து உள்ள போகுதே!" என்றான் பெரிஸ்.

"வயித்துல இருக்குற வாத்துக்கு என்ன வரின்னு உன் பலகையில பாருப்பா."

பெரிஸ் பார்த்தான். பலகையில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அரச நிர்வாகத்தின் ஓட்டையைத் தன் இரைப்பையால் நிரூபித்த அந்த அறிஞர், வீட்டில் விருந்தாளிகளோடு வாத்துக்காகக் காத்திருந்த மனைவி ஸெலியிடம் அன்று எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது பொருளாதார வரலாற்றில் பதிவாகவில்லை.

குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், தானியச் சந்தைக்கு மேல்மாடியில் துத்ரே பாடம் நடத்துவார். பருவத்துக்கு ஐந்து பிராங்கு, மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர். பாரீஸ் பத்திரிகைகளில் எந்த முதலாளியாவது, "வெளிநாட்டுச் சரக்கைத் தடுங்கள், எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று அரசுக்கு மனுப் போட்டிருந்தால் அதைக் கத்தரித்து வந்து மேடையில் வைத்து உரிப்பார். ஊசிக்காரர் மனு, கம்பளிக்காரர் மனு, இரும்புக்காரர் மனு, எதுவும் தப்பாது. "முதல்ல மனுதாரர் எதை விக்கிறார்னு பாருங்க. அப்புறம் அவர் தேசபக்தி தானா புரியும்" என்பார். அந்த மேடையில் அவர் நிற்பதைப் பார்த்தால், கடவுள் இரண்டாம் நாளே சுங்கத்தை ஒழித்திருக்க வேண்டும் என்று தோன்றும். அவருக்கு வேறு பெருமை கிடையாது. திராட்சைத் தோட்டம் சுமார்; பிள்ளையில்லை; பாரீஸ்காரர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. அந்த இருபத்தெட்டு நாற்காலிதான் அவருடைய உலகம்.

1847ஆம் வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. வந்தது ஆங்கிலேயன் அல்ல, கபிரோல்.

கபிரோல் ஊர் ஊராக ஒயின் விற்று அலைந்த வாய்க்காரன். சாவடிக்கு நூறு அடி வெளியே, கொடிப்பந்தல் போட்ட ஒரு குடிக்கடையில் மேசைமேல் ஏறி நின்று அவனும் தடையற்ற வாணிபம் பேச ஆரம்பித்தான். அதே கொள்கை, அதே ஞாயிறு, அதே நேரம், கட்டணம் இல்லை. அதோடு சாவடிக்கு வெளியே என்பதால் ஒயினுக்கு ஊர் வரி இல்லை. உள்ளே கூஜா பத்து சூ காசு, அங்கே ஆறு. அறிவும் போதையும் ஒரே மேசையில் மலிவாகக் கிடைக்கும்போது மாடிப்படி ஏற யாருக்குக் கால் வரும்? இருபத்தெட்டு பதினொன்றாகி, நான்காகி, மார்ச் மாதம் ஒன்றாகியது. அந்த ஒருவருக்கும் காது கேட்காது.

"போட்டி இருந்தாத்தான் ஜனங்களுக்கு நல்லதுன்னு சொல்வீங்களே, வந்துருச்சு பாருங்க!" என்றாள் ஸெலி, அவரைக்காயை உரித்துக்கொண்டே.

"இது போட்டியா? நியாயமில்லாத போட்டி!"

"அத ஊசிக்காரரும் சொன்னாரே. நீங்கதான் அவர உரிச்சீங்க."

"ஊசி வேற, உண்மை வேற, ஸெலி!"

"ரெண்டும் குத்தும்" என்று சொல்லி அவள் அடுத்த காயை எடுத்தாள்.

மறுநாள் துத்ரே நகரசபைத் தலைவர் பொமரேத்திடம் போனார். பொமரேத் கையுறைத் தொழிற்சாலை வைத்திருப்பவர். வெளிநாட்டுக் கையுறை என்றாலே கைகள் நடுங்கும் தேசபக்தர். துத்ரேயின் மேடையில் இரண்டு முறை உரிபட்டவர்.

"வாங்க வாங்க! இன்னிக்கு என்ன, சாவடிய இடிச்சுடலாமா?" என்றார்.

துத்ரே தொண்டையைச் செருமினார். "இடிக்க வேண்டாம். கொஞ்சம்... தள்ளி வைக்கலாம்."

"எங்க தள்ளி?"

"வெளியில. இருநூறு அடி."

பொமரேத் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல சாப்பாட்டை யாரும் பங்கு கேட்டுவிடக் கூடாது அல்லவா! "அப்ப அந்தக் குடிக்கடை உள்ள வந்துரும். அங்கயும் கூஜா பத்து சூ ஆகிரும். இதானே?"

"ஊரோட அறிவு வளர்ச்சிக்காக..."

"ஆமா, ஆமா, அறிவு! எழுதிக் குடுங்க முசியே, அறிவ அப்படியே எழுதிக் குடுங்க. உங்க கையால, உங்க பேரோட."

துத்ரே எழுதிக் கொடுத்தார்.

சாவடியை நகர்த்துவதென்றால் ஊரைக் கேட்க வேண்டும். நகரசபைக் கூடத்து மேசையில் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து வைப்பார்கள். பதினைந்து நாள் யார் வேண்டுமானாலும் வந்து ஆதரவோ எதிர்ப்போ எழுதிக் கையெழுத்துப் போடலாம். பிறகு அது ஆட்சியரிடம் போகும். முதல் பக்கத்தில் துத்ரேயின் மனுவை அழகாக ஒட்டி வைத்தார் பொமரேத். ஊரே வந்து பார்த்தது. யாரும் எதையும் எழுதவில்லை. சிரித்துக்கொண்டிருந்தால் பேனா பிடிக்க முடியாது.

பத்தாம் நாள் துத்ரேயும் போனார், தன் பெயர் எப்படியிருக்கிறது என்று பார்க்க. மனுவைப் படித்தார். "உள்ளூர்ப் பாடத்தைக் காப்பது கடமை... வெளியிலிருந்து வரும் மலிவுச் சரக்கு... வரியால் சமமாக்கப்பட்ட களம்..." படிக்கப் படிக்க அவர் உதடு முணுமுணுத்தது, காது சிவந்தது, விரல் மேசையைத் தட்டியது. இருபது வருஷப் பழக்கம் ஐயா; அந்த மாதிரி மனுவைப் பார்த்தால் அவர் சும்மா இருக்க மாட்டார். அது யார் எழுதியது என்பது இரண்டாம் பட்சம். பேனாவை எடுத்தார்.

"மனுதாரர் எதை விற்கிறார்? பாடம் விற்கிறார். எனவே அவர் சொல்லும் அறிவு வளர்ச்சி என்பது அவருடைய ஐந்து பிராங்கு" என்று தொடங்கியது எதிர்ப்பு. கொஞ்சம் மலிவாகக் குடித்து, இலவசமாகக் கேட்கும் இருபத்தேழு பேரின் பையிலிருந்து நான்கு நான்கு சூ பிடுங்கி, ஒருவருடைய நாற்காலிகளை நிரப்பச் சொல்கிறது இந்த மனு என்று பதினோரு பக்கம் எழுதினார். மனுதாரரைப் பேராசைக்காரர் என்றார், கோழை என்றார், ஊசிக்காரருக்குத் தம்பி என்றார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்: அன்செல்ம் துத்ரே.

பொமரேத் ஆள் அனுப்பி அவரை அழைத்தார்.

"முசியே, இதுவும் உங்க கையெழுத்து, அதுவும் உங்க கையெழுத்து. எத நான் எடுத்துக்கறது?"

"முதல் ஆள் உற்பத்தியாளர். அந்த ஆள நம்பாதீங்க."

"ரெண்டாவது ஆள்?"

"நுகர்வோர். அவருக்குப் பொய் சொல்ல அவசியமில்ல."

"அப்ப மனுவ வாபஸ் வாங்கிக்கங்களேன்."

"அது முதல் ஆளோட உரிமை. நான் எப்படித் தலையிடுறது?"

பொமரேத் தலையில் கைவைத்தார். விதிப்படி பதிவேடு அப்படியே ஆட்சியருக்குப் போயிற்று. மே மாதம் பதில் வந்தது. இவ்விஷயத்தில் லாபெரோல் மக்களின் கருத்து சரிபாதியாகப் பிளவுபட்டிருப்பதாலும், எதிர்த்தரப்பின் வாதம் கனமாக இருப்பதாலும், சாவடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார் ஆட்சியர்.

அந்த ஞாயிறு தானியச் சந்தை மாடி பூட்டிக் கிடந்தது. காது கேளாத மாணவர் மட்டும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துத்ரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸெலியின் கையைப் பிடித்துக்கொண்டு சாவடியைத் தாண்டி நடந்தார். பந்தலில் இருந்த பழைய மாணவர்கள் எழுந்து நிற்பதா குனிந்து குடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். மேசைமேல் நின்ற கபிரோல் தொப்பியைக் கழற்றி வணங்கினான். அவன் வாழ்க்கையில் அது ஒரே முறை. துத்ரே முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு கூஜா சொன்னார். கபிரோல் ஏற்றுமதியை இறக்குமதி என்றான், இறக்குமதியைப் பாவம் என்றான், கூட்டம் கைதட்டியது.

ஸெலி காதோரம் குனிந்தாள். "பாடம் எப்படிங்க?"

"படு மட்டம்."

"எந்திரிச்சுப் போயிரலாமா?"

"இரு. ஆறு சூவுக்கு இந்த ஒயின் ரொம்ப நல்லாருக்கு."