குத்திய கோல்

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பழவேற்காடு ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தவன், ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போனேன். தியேட்டரில் இடைவேளையில் ஓடும் கார்ட்டூன் விளம்பரம் செய்கிற இடம். படிப்பு அதிகமில்லை. கலர் அடிக்கும் வேலை கொடுத்தார்கள். ஆனால் எனக்கு வரைகிற மேஜை வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஓர் உப்புக் கம்பெனி விளம்பரம் வந்தது. ஒருத்தன் உப்பு மூட்டையோடு படகைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக வேண்டும். பின்னால் இருக்கும் கரை அசையாது. நான் வரைகிறேன் என்றேன். வரைகிறவர்களுக்கு மேலாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, போடு. சரியா வர்லன்னா மறுபடியும் கலர் கிண்ணம்தான். அப்புறம் மேஜைன்னு வாயத் தொறக்கக் கூடாது."

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் தாளை வைத்து, மேலே இன்னொரு தாள் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரைந்தேன். படகு எனக்குத் தெரியாததா? வேகமாகவே முடித்தேன்.

படம் பிடித்துச் சுவரில் ஓட்டினார்கள். படகு முன்னே போனது. கோலின் அடி சேற்றில் நிற்காமல் பின்னால் வழுக்கிக்கொண்டே போனது. எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னாப்பா, உன் ஆளு ஏரியில களி கிண்டிகினு கீறான்?" என்றார் மேலாள். "திங்கக்கிழமை வரைக்கும் டைம். அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் ஏரிக்கரையில் நின்றேன். மச்சான், என் பெண்சாதியின் தம்பி, படகைத் தள்ளினான்.

"இன்னா மாமா, கரையில நின்னுகினு வேடிக்க பாக்குற? ஏறு."

"நீ போ. கோலை மெதுவா ஊனு."

"படகு பாக்குறதுக்கு பட்டணத்துல சம்பளம் தராங்களா? எனக்கும் சொல்லு, நானும் வரேன்."

நான் கோலையே பார்த்தேன். குத்திய இடத்தில் அடி அப்படியே நின்றது. படகுதான் அதைத் தாண்டிப் போனது. கோல் சாய்ந்தது. அவன் கை கோலின் மேலே மேலே ஏறியது. பிறந்ததிலிருந்து நான் படகுக்குள் நின்றே பார்த்தவன். உள்ளே நிற்கிறவனுக்குப் படகு நிற்கும், கோல்தான் பின்னால் போகும். அதைத்தான் வரைந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிகாலை முதல் ரயிலில் பட்டணம் போனேன். தாள்களை அடுக்கி ஓரிடத்தில் ஊசியால் குத்தினேன். எல்லாத் தாளிலும் கோலின் அடி அந்த ஓட்டையில். பிறகு படகை நகர்த்தினேன்.

சாயங்காலம் மறுபடியும் ஓட்டினார்கள். படகு கோலை விட்டு நழுவி முன்னே போனது. யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி ஓட்டு" என்றார் மேலாள். பார்த்தார். "கோல் அங்கயே நிக்குதேப்பா. படகு போய்டுச்சு. எப்ப புடுங்குவான்?"

"சாய்ஞ்சு முடிஞ்சதும் சார்."

"அப்ப அதையும் போடு. ஜன்னலோரம் மேஜை காலியாத்தான் கீது."

போய் உட்கார்ந்தேன். கோலைப் பிடுங்கும்போது படகு ஒரு கணம் ஆடும். முதலில் அதை வரைந்தேன்.