மூதூரில் கிடக்கும் சிக்கந்தர்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்ச் புகை கக்கிக்கொண்டு நின்றது. டிக்கெட் எழுபத்தைந்து சதம். மகா அலெக்சாண்டரின் சமாதியைப் பார்ப்பதற்கு இது ஒரு காசா என்று நினைத்தபடி ஏறினேன். அறுபதுகளின் நடுப்பகுதி, தை மாதக் கடைசி. கடல் இன்னும் அடங்கவில்லை.

வாசகர் அவசரப்பட்டுச் சிரிக்கவேண்டாம். நான் திருகோணமலையில் பதினெட்டு வருடமாகச் சரித்திரம் படிப்பிக்கிறவன். அந்த மனுசன் மசிடோனியாவில் புறப்பட்டு, பாரசீகத்தை விழுங்கி, பஞ்சாப் ஆற்றங்கரை வரை வந்து, படை இனி நடக்க ஏலாது என்று மறுத்ததால் திரும்பிப் போய், முப்பத்து மூன்று வயது நிறையுமுன் பாபிலோனில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். உடலை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில நூற்றாண்டு இருந்த சமாதி பிறகு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

போன புதன்கிழமை துறைமுகத் தேத்தண்ணீர்க் கடையில் இதை நான் விளாசிக்கொண்டிருந்தபோது, லோஞ்சில் டிக்கெட் எழுதும் காசீம் திரும்பிப் பார்த்தார்.

"ஆரு சேர், சிக்கந்தரா? ரெண்டு கொம்பரா? அவர் எங்கட மூதூரிலதானே கிடக்கார்! உதுமாலெப்பை ஹாஜியார்ட வயல்ல."

தேத்தண்ணீர் என் வேட்டியில் ஊற்றுண்டது. அலெக்சாண்டருக்கு முஸ்லிம்கள் வழங்கும் பெயர் சிக்கந்தர். பழைய நாணயங்களில் அவர் தலையில் ஆட்டுக்கடாவின் கொம்பு இருக்கும். அதனால் இரு கொம்பர் என்ற பட்டமும் அவருக்கு உண்டு. இதெல்லாம் டிக்கெட் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? கிடக்கிறார் என்றால் அடக்கமாகிக் கிடக்கிறார். வேறென்ன?

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆசிரியர் அறைக்குப் போய் முழங்கினேன். பூகோளம் படிப்பிக்கும் செல்லத்துரை மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை அத்தாட்சியோட வாரும். இல்லாட்டில் பரிசளிப்பு விழாப் பேச்சை எனக்கு விட்டுப்போடும். உம்மட கிரேக்கன்ர கதை கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் ரோசத்தில் சம்மதித்துவிட்டேன். வருடத்தில் ஒரு நாள்தான் எனக்கு மேடை. அதுவும் போனால் செல்லத்துரை அதில் நின்று முக்கால் மணித்தியாலம் மழைவீழ்ச்சியைப் பற்றிப் பேசுவார்.

எட்டரை மணிக்கு நடு விரிகுடாவில் லோஞ்ச் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்தது. பக்கத்திலிருந்த புடைவை வியாபாரி ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, என் மூக்கடியில் பிடித்தார். "மணந்துகொண்டு இரிங்க சேர். கண்ணை மூடாதீங்க, மூடினால் கூடும்." மூதூர் வரையும் அந்தத் தேசிக்காயை நான் விடவில்லை.

பத்து மணி. மூதூரிலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு மைல். உதுமாலெப்பை ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்றார்.

"சிக்கந்தரைப் பாக்க வந்தனான்" என்றேன்.

"திருக்கோணமலையில இருந்தா? அல்லாவே! அவர்ட பேர் அவ்வளவு தூரம் போயிட்டா?" மனுசனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க சேர்."

பக்தியோடு கழற்றினேன். சேறு என்பதால் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. வயலைத் தாண்டி ஒரு மடு. அதன் நடுவில், சேற்றுக்கு மேலே, வளைந்த இரண்டு கொம்புகள். அவற்றின் கீழே இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

"இந்தா கிடக்கார்" என்றார் ஹாஜியார்.

எருமைக் கடா. ஒரே ராத்திரியில் ஏழு வேலியை உடைத்து ஏழு பேருடைய வயலைப் பிடித்ததால் ஊர் வைத்த பெயராம். நான் வரம்பிலேயே குந்திவிட்டேன். தன் குதிரைக்குக் காளைத்தலை என்று பெயர் வைத்த ராசாவின் பெயரை ஓர் எருமைக்கு வைத்ததில் என்ன பிழை என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. அழுகைதான் வந்தது.

வந்த காரணத்தைச் சொன்னேன். ஹாஜியாரின் மருமகன் நிசார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் கோழிக்கறியும் போட்டு, சட்டி நிறைய எருமைத்தயிரும் வைத்தார். சிக்கந்தரின் குடும்பத்துத் தயிர். கோபத்திலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "சேர், படிச்ச மனுசன் நாலு பேருக்கு முன்னால வெக்கப்படக்கூடா. பின்வளவுல ஒரு பழைய மண்மேடு இரிக்கி. ஆர்ட எண்டு ஒருத்தருக்கும் தெரியா. அதைச் சிக்கந்தர்ட எண்டு சொல்லுங்க. நாங்க பத்துப் பேர் ஓம் எண்டு சொல்லுறம்."

மேட்டைப் போய்ப் பார்த்தேன். நல்ல மேடு. நீளமும் பொருத்தம். பரிசளிப்பு மேடை கண்ணுக்குள் வந்து நின்றது. கனநேரம் நின்று, கடைசியில், "ஏலாது ஹாஜியார். நான் சரித்திரம் படிப்பிக்கிறவன்" என்றேன். இந்த இழுபறியில் மூன்று மணி லோஞ்சை விட்டுவிட்டேன். நிசார் அதில் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்விட்டார். நான் அன்று ஹாஜியார் வீட்டில் தங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. லோஞ்ச் திருகோணமலையை அணைந்தபோது இறங்குதுறையில் செல்லத்துரை மாஸ்ரர் நின்றார். குடை, தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் கமரா. நிசார் துறைமுகத் தேத்தண்ணீர்க் கடையில் இருந்து, மாமாவின் பின்வளவு மண்மேடு சிக்கந்தரின் சமாதிதான் என்ற கதையை நேற்று அந்தியிலேயே அவிழ்த்துவிட்டாராம்.

"நான் தோத்துப்போனன், காணும்" என்று செல்லத்துரை என் கையைப் பிடித்தார். "மேட்டை நீரே கண்ணால கண்டனீராமே! பேச்சு உமக்குத்தான். எனக்கு ஒரு படம் எடுத்தால் போதும்."

ஆசை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "அது எருமை, செல்லத்துரை. கொம்பு வைச்ச எருமைக் கடா. மேடு வெறும் மண்."

அவர் கையை உதறினார். "தனியப் பேரெடுக்கப் பாக்கிறீர், என்ன? எங்களுக்கு மறைக்கிறீர்!" என்று சொல்லிவிட்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு லோஞ்சில் ஏறினார்.

பதினெட்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் எழுந்து நிற்காத மனுசன், நான் இல்லையென்று சொன்ன ஒன்றுக்காகக் கடல் தாண்டிப் போனார்.