கம்ப்யூட்டருக்குள் பொரி

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் கம்ப்யூட்டர் நின்றது. நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை, டைரியில் இருக்கிறது. திரையில் பனமலைக் கோயிலின் தூண் ஒன்று பாதி வந்திருந்தது. கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, உடனே திரை கறுத்தது. ஐந்து நிமிடம் விட்டுப் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் விட்டுப் போட்டுப் பார்த்தேன். பிளக்கை வேறு இடத்தில் சொருகினேன். அது எழவில்லை.

நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். கையெழுத்தில் வருவதைத் தட்டச்சு செய்து, படங்களை அதனதன் இடத்தில் வைத்து, அச்சுக்குப் போகிற நிலையில் அனுப்ப வேண்டும். அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பள்ளியை மூடிய பிறகு முன்னறையில் ஒரு மேசை போட்டு இந்த வேலையைத் தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. அப்போது கையில் இருந்தது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் பக்கத்துக் குடைவரைகளையும் கற்கோயில்களையும் பற்றி எழுதிய நூல். முந்நூற்றுப் பதினாறு பக்கம். தளவானூருக்கு மட்டும் நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் புகைப்படம். பொங்கலுக்குள் புத்தகம் வர வேண்டும், மார்கழி இருபதுக்குள் எல்லாம் கைக்கு வர வேண்டும் என்று சென்னைப் பதிப்பாளர் கேட்டிருந்தார். முடித்துக் கொடுத்தால் இரண்டாம் பாகமும் எனக்கு. இல்லையென்றால் இரண்டும் சென்னையிலேயே வேறொருவருக்கு. அவர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

முடியாவிட்டால் நான் எங்கே போவேன் என்பதும் முன்பே தீர்மானமாகியிருந்தது. என் கணவருக்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் இல்லை என்று பள்ளி மூடிய வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கடையின் மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. ஆனால் அது அவருடைய கடை. முன்னறை மேசை என்னுடையது.

அன்று மதியம் சாப்பிட வந்தவர் கறுத்த திரையைப் பார்த்தார்.

“செத்துப்போச்சா?”

“நின்னுபோச்சு.”

“அன்னிக்கே சொன்னேன், அசெம்பிள்டு வேணாம்னு. ஊர்ல கிடக்கிற சாமானையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தான். நீயும் தூக்கினு வந்த.”

“நாலு வருஷம் ஓடுச்சுங்க.”

“ஓடுச்சா? கொஞ்ச நேரம் நடந்துச்சு, உக்காந்துச்சு, படுத்துச்சு. இந்தத் தடவை பிராண்டட் வாங்கு. விழுப்புரத்துல ஷோரூம் இருக்குது. கெட்டுப்போனா சட்டையைப் பிடிக்க ஒருத்தன் வேணும். பத்து சாமானை பத்து இடத்துல வாங்கினா யார் சட்டையைப் பிடிப்ப?”

கடைக்காரர் பேச்சு, அதில் நியாயமும் இருந்தது. அவர் போன பிறகு டைரியில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் பிராண்டட், வலப்பக்கம் அசெம்பிள்டு. மாலைக்குள் இடப்பக்கம் ஒன்பது வரி, வலப்பக்கம் நாலு. பழையது அசெம்பிள்டு, அது அடிக்கடி நின்றது என்ற ஒரு வரியே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. ஆனால் “அடிக்கடி” என்று எழுதியது எனக்கு உறுத்தியது. எத்தனை முறை?

வேலை தாமதமானால் காரணம் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு முறை நின்றதையும் குறித்து வைத்திருந்தேன். நாலு டைரிகளையும் எடுத்து எண்ணினேன். முப்பத்தொரு முறை. பாதி சித்திரை, வைகாசி மதியங்களில். மலைப்பாறை சூடேறி ஊரே வேகும் நேரம், அது புரிந்தது. மீதிப் பாதி புரியவில்லை. அவை எல்லாமே ஆயுத பூஜைக்கு அடுத்து வரும் வாரங்களில் இருந்தன. முதல் வருடம் ஒரு முறை, பிறகு மூன்று, பிறகு ஐந்து. இந்த வருடம் பூஜைக்கு மறுநாளிலிருந்தே ஆரம்பித்து நிற்பதும் ஓடுவதுமாக இருந்து, கடைசியில் இந்தச் செவ்வாய். அது வெயில் காலமும் இல்லை, மழைக்காலம். காரணம் தெரியாமல் இடப்பக்கத்துக்கு டிக் போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க வந்து பாரு.” பிறகு என்னிடம், “அக்கா, இது சிபியுவா, உண்டியலா?”

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அதன் மேல் உதிர்ந்த சந்தனச் செதில்கள். காய்ந்துபோன சாமந்தி இதழ் ஒன்று. ஃபேனின் இறக்கைக்கு அடியில் எதையோ குறட்டால் இழுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பொரி.

“பொரி இருக்குது. கடலை எங்கக்கா?”

டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். விபூதியும் சாம்பிராணிச் சாம்பலும் சேர்ந்து ஃபேனை இறுக்கிவிட்டன, சூடு வெளியே போக வழியில்லாமல் போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நின்றது என் விரல். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கடையில் பூஜை முடித்துவிட்டு என் கணவர் வீட்டுக்கு வருவார். ஸ்கூட்டர், கிரைண்டர், அரிவாள்மணை எல்லாவற்றோடும் என் கம்ப்யூட்டருக்கும் பொட்டு. பூஜை நேரத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அதை அணைக்க மாட்டோம். விபூதிப் பட்டை கோணாமல் போடுவது நான். முன்பக்கத்தில் சரியாக நடுவில், காற்று உள்ளே போகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும் இடத்தில்தான் போடுவேன். சாம்பிராணியைக் கீழே காட்டும்போது புகை அந்தத் துளைகள் வழியே நேராக உள்ளே போகும். “பாரு, சாமி ஏத்துக்குது” என்பார் அவர். எனக்கும் திருப்தியாக இருக்கும்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“அப்ப பிராண்டட்டா இருந்தாலும் செத்திருக்குமா?”

“செத்திருக்கும்.”

“சரி. பிராண்டட்டே வாங்கு. பூஜை வேணாம்.”

கடைசி இரண்டு வார்த்தையைத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரால் அது முடியாது. எனக்கும் விருப்பமில்லை. பூஜையை விட்டாலும் ஜல்லி லாரிகள் போகிற தெருவில் தூசி நிற்கப்போவதில்லை. மறுநாள் விழுப்புரம் ஷோரூமுக்கு போன் போட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: மாதம் ஒரு முறை நானே திறந்து தூசி தட்டலாமா?

“திறக்கவே கூடாது மேடம். சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும். எங்ககிட்ட கொண்டாந்துடுங்க, பத்து நாள்ல குடுத்துடுவோம்.”

பத்து நாள். இடப்பக்கத்து ஒன்பது வரியையும் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தேன். எங்கள் வீட்டில் இருக்கப்போகிற பெட்டியை எங்கள் வீட்டில் இருப்பவர் திறக்க முடிய வேண்டும். அசெம்பிள்டுதான். அதுவும் நானே மாட்ட வேண்டும்.

“நான் பண்ணித் தரேன்க்கா, ஒன்றரை மணி நேர வேலை” என்றார் சர்வீஸ் கடைக்காரர்.

“நீங்க பண்ணா, அடுத்த தடவை நின்னாலும் உங்களைத்தான் தேடி வரணும். பக்கத்துல உக்காருங்க. நான் தப்பா பண்ணா மட்டும் சொல்லுங்க.”

கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மார்கழி பிறந்தால் புதுச் சாமான் வாங்கக் கூடாது, வருகிற அமாவாசையில் வாங்கிவிட வேண்டும். நாலு நாள் இருந்தது. பட்டியல் எழுதினேன். முதல் வரி பிராசஸர் இல்லை. முன்பக்கம் முழுவதும் வலை உள்ள கேபினெட் பெட்டி, வலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும்.

அமாவாசை அன்று முதல் பஸ்ஸில் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் வைத்த பெட்டி ஒன்றை முன்னால் இழுத்துவைத்தார்.

“கேம் விளையாடவா மேடம்?”

“கோயில் படம் போட.”

அதற்குப் பிறகு அவர் பட்டியலில் உள்ளதை மட்டும் எடுத்தார். கூட்டம் ஏறும் முன் மதியத்துக்குள் ஊர் திரும்புவதாகக் கணக்கு. பவர் சப்ளை குடோனிலிருந்து வர நேரமாகி, நான் ஏறிய பஸ் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களால் நிறைந்திருந்தது. கேபினெட் மடியில், மற்றவை காலுக்கு நடுவில். பக்கத்தில் எலுமிச்சம்பழப் பையோடு ஓர் அம்மா.

“இன்னாமா அது, அடுப்பா?”

“கம்ப்யூட்டர்மா.”

“துண்டு துண்டா இருக்குது. கடைக்காரன் மாட்டித் தரலியா?”

“நான்தான் மாட்டணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப உனக்கும் சேர்த்து அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்” என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெட்டிக்குள் இனி எதுவும் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கணவர், “நாளைக்குப் பிரதமை, எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு ஸ்க்ரூவாவது இன்னிக்கே போட்டுடு” என்றார். போட்டேன். மாலை ஆறு பத்து, ஒரு ஸ்க்ரூ.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குத் தொடங்கினேன். சாமான்களோடு வந்த காகிதங்களைப் படித்து இருபத்துமூன்று படிகளாக எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் முடித்து டிக் போட்டேன். பிராசஸரை அதன் குழியில் இறக்கும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த சர்வீஸ் கடைக்காரர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஐந்துக்கு பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட என் கணவர் வாசலில் நின்றிருந்தார்.

“நான் பார்க்கட்டாக்கா?”

“உக்காருங்க.”

ஒன்றாம் படியிலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினாலாவதில் நின்றேன். பவர் ஒயர்கள் மாட்டுவது. மதர்போர்டுக்கு ஒன்று, பிராசஸருக்குத் தனியாக மூலையில் ஒன்று. முதலாவதை மாட்டிவிட்டு டிக் போட்டிருந்தேன். பள்ளி அலுவலகத்தில் மற்றவர்கள் இப்படிப் பாதி வேலைக்கு டிக் போட்டால் கூப்பிட்டுக் கேட்பவள் நான். மாட்டினேன். அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. காதை அருகில் வைத்தால்தான் சத்தம் கேட்டது.

கணவர் உள்ளே போய் விபூதித் தட்டோடு வந்தார். கை பெட்டிக்கு நேராக வந்து அந்தரத்தில் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து, மேசையின் முன்காலில் மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரத்தை வாசற்படியிலிருந்தே காட்டினார்.

“இங்கருந்து காட்டினாலும் சாமிக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

சனிக்கிழமைதோறும் வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்தேன். முந்நூற்றுப் பதினாறு பக்கமும் மார்கழி பத்தொன்பதில் போனது. நடுவில் நின்றது: பூஜ்யம் முறை. ஒரு வாரம் கழித்து இரண்டாம் பாகத்தின் கையெழுத்துக் கட்டு கூரியரில் கடைக்கு வந்தது. கணவர் மதியம் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“எத்தனை பக்கம் வரும்?”

“நானூறு வரும்.”

கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன்.

“கல்லாவுக்கு ஒரு ஆள் பார்த்துட்டேன்” என்றார். “தை ஒண்ணுலருந்து வராரு.”

அதையும் டைரியில் அன்றைய பக்கத்தில் எழுதினேன். மதியம் ஒன்று நாற்பது.