வடித்த தண்ணீர்

செருப்பு வார் காலைக் கடித்ததுதான் ஆரம்பம். துறைமுக வாசலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற ஒரு மாலை நேரம். என் வண்டியும் அதில் ஒன்று. காலையில் சரியாக இருந்த செருப்பு மாலைக்குள் எப்படிச் சின்னதாகும் என்று குனிந்து பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது; விழுந்த குழி எழவில்லை. நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

இதைப் படிக்கிற உங்களிலும் சிலர் இப்படித்தான் வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் நோயின் கதை பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தது.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, முதுகுவலிக்கு என்ன மாத்திரை போடுவீர்கள் என்று கேட்டார். கடையில் கொடுக்கிற எல்லாம் போடுவேன் என்றேன், பெருமையாக. லாரி வரிசையில் நிற்கிறவன் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் பின்னால் நிற்கிறவன் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுப்பான். வலிக்கு மாத்திரை, தாகத்துக்குப் பாக்கு என்று வருடக்கணக்காக ஓட்டியிருந்தேன். ரத்த அழுத்தம் என் உடம்பில் எப்போது குடிவந்தது என்று யாருக்கும் தெரியாது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கும் கழிவு) எகிறிக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்.

முதலில் கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) நடந்தது. பிறகு இடது கையில் ஃபிஸ்டுலா (இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஊசி போட ஏற்படுத்தும் வழி) வைத்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் விர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் உடனே ஓடி வரவேண்டும், தினமும் தொட்டுப் பாருங்கள் என்றார்கள். அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது. சாயந்திரமானால் என் மனைவி ஜெசிந்தா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்ப்பாள். "ஓடிகினு கீது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். எங்கள் மகள் பிரின்சி கல்லூரிக் கதை சொல்வாள். நெத்திலிக் குழம்போ கருவாட்டுத் தொக்கோ, அன்றைக்கு எது மலிவோ அது. அதற்கு மேல் ஒரு சொர்க்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நோய் வந்ததும் கருவாடு போயிற்று, ஊறுகாய் போயிற்று, இளநீரும் வாழைப்பழமும் போயின. தண்ணீரே அளந்து தம்ளரில் வந்தது. பொட்டாசியம் (தசையையும் நரம்பையும் இயக்கும் தாதுச் சத்து, மிஞ்சினால் இதயத்தை நிறுத்திவிடும்) ஏறக்கூடாது, அதனால் காயைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள் என்று டாக்டரம்மா ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தார். அவள் சொன்னபடியே செய்தாள். சக்கையான காயும் உப்பில்லாத சோறும் தட்டில் வந்தன. நான் தட்டைத் தள்ளினேன். கத்தினேன். நாக்கு செத்தவனுக்கு எதற்குச் சோறு என்றேன். பிரின்சி தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

உடம்பு உருகியது. சட்டை தோளில் தொங்கியது. இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் டயாலிசிஸைத் தாங்க மாட்டார், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டரம்மா அவளிடம் கறாராகச் சொன்னார். என் உயிர் தன் கரண்டியில் இருக்கிறது என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ராத்திரி குழைந்த சோறு வந்தது. உருளைக்கிழங்கு, கேரட், கொஞ்சம் கீரைத்தண்டு. மேலே பூண்டும் சீரகமும் தாளித்துக் கொட்டியிருந்தாள். உப்பு பேருக்குத்தான். ஆனால் என்ன ருசி! காயின் வாசமெல்லாம் சோற்றுக்குள் இறங்கியிருந்தது. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் தட்டை மறந்துவிட்டாள். "வடிச்சுத்தாம்ப்பா செஞ்சேன். பயப்படாம துன்னு" என்றாள். மறுநாளும் அதையே கேட்டேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மறுநாள்தான் டயாலிசிஸ். ஜெபமாலை முடிந்து எழப் பார்த்தேன். முழங்கால் எழவில்லை. தொடை என்னுடையதாகவே இல்லை. பிரின்சி கையைக் கொடுத்தாள். பிடிக்க விரலில் பலமில்லை. நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடித்தது. செத்தேன் என்று எனக்கே தெரிந்தது. பயம் என்றால் அதுதான் பயம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

பொட்டாசியம் கண்டபடி ஏறியிருந்தது. ஈசிஜியில் (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) கோடு கூம்பு கூம்பாக எழுந்திருந்தது. இதயத்தைக் காக்க கால்சியம் ஊசி போட்டு, உடனே மிஷினில் படுக்க வைத்தார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்க, ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சொன்னாள். காயை வடித்தேன் என்று மறுபடி மறுபடி சொன்னாள்.

"வடிச்ச தண்ணிய என்னம்மா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? அதுலதான் அரிசி போட்டு வேகவச்சேன்."

காயிலிருந்த பொட்டாசியமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு ஓடிய தெருவில் எந்தத் தண்ணீரையும் யாரும் சும்மா கொட்ட மாட்டார்கள். அரிசி களைந்தது செடிக்கு, கஞ்சி வடித்தது குடிக்க, காய் வெந்தது ரசத்துக்கு. வடித்துவிடு என்றால் எங்கள் வீட்டில் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்று என்றுதான் அர்த்தம். நான் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் சத்தையெல்லாம் சோற்றிலேயே ஏற்றிவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். காயிலிருந்து இறங்கிய விஷத்தை மொத்தமாக எனக்கு ஊட்டியிருக்கிறாள். எத்தனை ஆசையாக ஊட்டினாள்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. கொட்டிவிடச் சொல்லாதது தன் பிசகு என்றார். அது ஜெசிந்தாவின் காதில் ஏறவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் ராத்திரி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பிரின்சி தள்ளுவண்டிக் கடையில் இட்லி வாங்கி வருவாள். எனக்கு அதில் சட்னியும் கிடையாது, சாம்பாரும் கிடையாது. ஆளுக்கொரு மூலையில் தின்றோம். என் கையைத் தொட்டுப் பார்க்கும் வேலையும் மகளுக்குப் போயிற்று. ஜெசிந்தா என் பக்கத்தில் வரும்போது கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன், இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பேஜாரு என்று.

"என் கையால உனுக்கு எமன் வந்தான். இனிமே இந்தக் கை உனுக்கு ஆவாது."

கோபம்தான் எனக்குச் சுலபமாக வரும். அன்றைக்கு அதுகூட வரவில்லை. அவள் இல்லாத அடுப்படி என் சிறுநீரகம் போனதைவிடப் பெரிய இழப்பாகப் பட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான்.

லாரிக்காரனுக்குச் சமைக்கத் தெரியும். வண்டியடியில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தவன் நான். மறுநாள் சாயந்திரம் நானே அடுப்பைப் பற்றவைத்தேன். சுரைக்காயையும் கோஸையும் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மகளைக் கொட்டச் சொன்னேன். பெரிய பாத்திரத்தில் புதுத் தண்ணீர் நிறைய விட்டுக் காயை வேகவைத்தேன். அரிசியைத் தனியாக வேகவிட்டேன். முட்டை வெள்ளைக்கரு, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை. செலவு என்று சொல்ல எதுவுமில்லை. நீங்கள் செய்தால் உங்கள் டாக்டரிடம் எந்தக் காய், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கூடவே, வடித்ததை என்ன செய்வது என்றும் கேளுங்கள்.

காய் வெந்துவிட்டது. பாத்திரத்தை இறக்கி வடிக்க வேண்டும். இடது கை உதவாது, வலது கையில் பழைய பலம் இல்லை. பிரின்சி முன்னால் வந்தாள். கண்ணால் நிற்கச் சொன்னேன்.

"ஜெசி, வா. இத்த என்னால தூக்க முடியாது."

அவள் வாசற்படியில் நின்றாள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. காய் கூழாகப் போகிறது என்றேன். நல்ல சமையல்காரிக்கு அது பொறுக்காது. வந்தாள். துணியைப் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கினாள். பழக்கத்தில் அவள் கண் இன்னொரு பாத்திரத்தைத் தேடியதைப் பார்த்தேன். அதை நான் முன்பே எடுத்து ஒளித்துவைத்திருந்தேன்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் அதைச் சாய்த்தாள். பச்சையாக ஆவி பறக்கும் தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பிரின்சி அரிசியையும் வடித்துக் கஞ்சியைக் கொட்டினாள். கொட்டிவிட்டு அவளும் அழுதாள்.

தாளிப்பு மட்டும் ஜெசிந்தா செய்தாள். பூண்டை நான் கருக்கிவிடுவேனாம். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ருசி பழைய குழைசோற்றின் பக்கத்தில்கூட வராது. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

என் வாரத்தில் இப்போது திங்கள், செவ்வாய் கிடையாது. மிஷின் நாள், மிஷின் இல்லாத நாள், அவ்வளவுதான். உடம்பு முன்பு நான் ஓட்டிய வண்டி. எங்கே ஏற்றினாலும் போகும் என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் அதனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் என்று யோசிக்கும் பழக்கம் எங்கள் மூவருக்குமே விட்டுப்போயிற்று.

அன்று தட்டுகளைக் கழுவிவிட்டு ஜெசிந்தா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஊசித் தழும்புகளுக்கு நடுவே இரண்டு விரலை வைத்தாள். எஞ்சினை அணைக்காமல் நிறுத்திய லாரி உறுமுவது போல அது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"ஓடிகினு கீது" என்றாள். பிறகு கேட்டாள்: "நாளைக்கி இன்னா காய் வாங்கறது?"

நாளைக்கு என்ற சொல்லை அவள் வாயால் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பீர்க்கங்காய் என்றேன்.